என்.சி.சி.யைக் கட்டாயமாக்காதீர்கள்

பஸ் கூரையில் ஏறிக் கல்லூரிப் பிள்ளைகள் ஆட்டம் போட்டாலும் சரி, பள்ளி வாசலில் இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டாலும் சரி, போதை மாத்திரையோடு யாராவது பிடிபட்டாலும் சரி, மறுநாளே ஒரு யோசனை கிளம்பிவிடுகிறது. "எல்லாருக்கும் என்.சி.சி.யைக் கட்டாயமாக்குங்கள், தானாகச் சரியாகிவிடும்." டீக்கடையில் சொல்கிறார்கள், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் சொல்கிறார்கள், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் பேட்டியில் சொல்கிறார்கள். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். எதிர்த்துப் பேசினால் ஒழுக்கத்துக்கோ ராணுவத்துக்கோ எதிரி என்று பெயர் வந்துவிடுமோ என்ற தயக்கத்தில் மாற்றுக் கருத்து உள்ளவர்களும் வாய் திறப்பதில்லை.

நான் எதிர்த்துத்தான் பேசப்போகிறேன். என்.சி.சி. என்ற தேசிய மாணவர் படையின் மேல் உள்ள அக்கறையால் பேசுகிறேன். ஒரு கல்லூரியில் அந்தப் படைப் பிரிவின் பொறுப்பாசிரியராக இருந்தவன். சனிக்கிழமை பரேடு மைதானம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவன். அந்த மைதானத்துக்குள் எல்லாரையும் பிடித்துத் தள்ளினால், இப்போது அங்கே நடக்கும் நல்லது நின்றுபோகும். அதனால்தான் இந்த யோசனை அடுத்த அரசாணையாகிவிடக் கூடாது என்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இது புது யோசனை இல்லை. இந்த நாடு இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது.

ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் 1946இல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1948இல் தேசிய மாணவர் படைச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் படை தொடங்கியது. மாணவர் தாமாக முன்வந்து சேர வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் அடிப்படை. சேர்ந்தவருக்குப் போர்முனைக்குப் போக வேண்டிய கடப்பாடு கிடையாது. அடுத்த ஆண்டே பெண்கள் பிரிவு, பிறகு விமானப் பிரிவு, கடற்படைப் பிரிவு என்று நிதானமாக வளர்ந்தது. 1962இல் சீனப் போர் வந்தது. தோல்வியின் அதிர்ச்சியில் நாடு இருந்தபோது, 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமானது. அந்தக் காலத்து அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லை தாண்டி எதிரி வந்த நேரம் அது. ஆனால் ஐந்தே ஆண்டில், 1968இல், கட்டாயத்தை அரசே கைவிட்டது. அதற்கு முன்பே, 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி கல்விக் குழு, சமூக சேவைக்கு மாற்றுத் திட்டங்களை உருவாக்கிக்கொண்டு என்.சி.சி.யை மாணவர் விருப்பத்துக்கு விடும் வழியைக் காட்டியிருந்தது. அந்த வழியில்தான் 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. போர் நெருக்கடியிலேயே நிலைக்காத கட்டாயம் இன்று மட்டும் எப்படி நிலைக்கும்?

அந்த ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்ததை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் கட்டாயம் ஒரு நல்ல பயிற்சியை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இந்த மண் கொதித்தது. 1967 இறுதியில் ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தை ஒட்டி மாணவர்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். அதே காலத்தில் என்.சி.சி. மைதானத்தில் "சாவ்தான்", "விஷ்ராம்" என்று கட்டளைகள் இந்தியில். வகுப்பறையில் இந்தி வேண்டாம் என்று போராடிய அதே பையன், மைதானத்தில் இந்தியில் சொன்னால்தான் கால் தூக்க வேண்டும். வராமல் இருக்கவும் முடியாது, கட்டாயம். 1968 ஜனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் கொண்டுவந்த புகழ்பெற்ற மொழித் தீர்மானத்தில், மும்மொழித் திட்டத்தைக் கைவிடுவதோடு, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்களை நிறுத்துவதும் சேர்ந்தே இடம்பெற்றது. ஒரு மாணவர் படையின் அணிவகுப்புக் கட்டளை மாநிலச் சட்டமன்றத்தின் விவாதப் பொருளாகும் அளவுக்குப் போனது.

இன்று தமிழ்நாட்டு மைதானங்களில் எந்தக் கட்டளை ஒலிக்கிறது? அதே "சாவ்தான்". அதே "தேஸ் சல்". இந்தித் திணிப்பை எதிர்த்து வீட்டில் பேசும் குடும்பத்துப் பிள்ளைகள், அதே கட்டளைக்குக் குதிகால் ஒலிக்க நிற்கிறார்கள். நானே இருமொழிக் கொள்கையில் உறுதியானவன். என் மாணவர்களில் பலரும் அப்படித்தான். ஒரு நாளும் பரேடில் சண்டை வந்ததில்லை. கட்டளை மாறவில்லை, மாணவனின் நிலை மாறியிருக்கிறது. அவன் தானே பெயர் கொடுத்து, ஓட்டத்தில் தேறி, இடம் பிடித்து வந்து நிற்கிறான். ராணுவத்தின் நடைமுறை இது, நான் தேர்ந்துகொண்டது இது என்று ஏற்கிறான். 1968இல் அவனுக்கு அந்தத் தேர்வே இல்லாமல் இருந்தது. நாளை மறுபடி கட்டாயமாக்கிப் பாருங்கள், அரை நூற்றாண்டாக அடங்கிக் கிடக்கும் அந்தச் சண்டை முதல் சனிக்கிழமையே எழுந்து நிற்கும். எழுவது நியாயமாகவும் இருக்கும்.

"அப்போது நிர்வாகம் சரியில்லை, இப்போது வசதி இருக்கிறது" என்பார்கள். இருக்கும் வசதி எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். 2024இல்தான் என்.சி.சி.யின் இடங்கள் 17 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர அனுமதி கிடைத்தது. உயர்கல்வியில் மட்டும் 2021-22 கணக்குப்படி 4.33 கோடிப் பேர் படிக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டு இவர்களுக்கு மட்டும் கட்டாயம் என்றாலும், இன்றைய படையை இருபது மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். பள்ளியையும் சேர்த்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சீருடையும் பூட்ஸும் பணம் கொடுத்தால் வந்துவிடும். ஆள் எங்கிருந்து வருவார்கள்? இந்தக் கேள்விதான் கட்டாயம் கேட்பவர்களின் கண்ணில் படுவதே இல்லை. என்.சி.சி. நடப்பது இரண்டு பேரால். ஒருவர், ராணுவத்திலிருந்து பட்டாலியனுக்கு அனுப்பப்படும் பயிற்றுநர், ஹவில்தாரோ சுபேதாரோ. பி.ஐ. ஸ்டாஃப் என்று சொல்வோம். இன்னொருவர் கல்லூரி ஆசிரியர். இயற்பியலோ தமிழோ வணிகவியலோ நடத்திக்கொண்டிருப்பவர், விருப்பப்பட்டு இந்தப் பொறுப்பை ஏற்று, ஆண் என்றால் பெரும்பாலும் நாக்பூர் பக்கத்துக் காம்ப்டிக்கும், பெண் என்றால் குவாலியருக்கும் போய், தன் மாணவர் வயதில் செய்ய வேண்டிய ஓட்டத்தையும் கவாத்தையும் நடு வயதில் செய்து, ஏ.என்.ஓ. என்ற இணை என்.சி.சி. அதிகாரி ஆகித் திரும்புகிறார். கையில் வருவது ஒரு சிறிய மதிப்பூதியம். போவது சனி, ஞாயிறு, கோடை விடுமுறை. கேம்ப் நடக்கும் பத்து நாளும் பிள்ளைகளோடு கூடாரத்தில் கிடக்க வேண்டும். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டிலிருந்து போன் வந்தது, யாருடைய பூட்ஸ் காலைக் கடிக்கிறது என்பதெல்லாம் அவர் தலையில்.

இந்த ஆசிரியரும் முன்வந்தவர்தான். இந்த உறவில் கையை உயர்த்தியவர் மாணவர் மட்டும் இல்லை. கட்டாயமாக்கினால் ஒவ்வொரு கல்லூரியிலும் பத்து இருபது ஆசிரியர்களை நிர்வாகம் கைகாட்டி அனுப்ப வேண்டிவரும். விருப்பமில்லாத ஆசிரியர், விருப்பமில்லாத மாணவன், ஆள் பற்றாக்குறையில் மூன்று கல்லூரிக்கு ஓடும் ஒரு ஹவில்தார். அந்த மைதானத்தில் வருகைப்பதிவைத் தவிர வேறென்ன நடக்கும்?

பயிற்சி என்றால் என்ன என்பதைக் கட்டாயவாதிகள் வெளியிலிருந்தே பார்க்கிறார்கள். உரத்த குரல், ஒரே சீரான கால், விறைப்பான முதுகு. உள்ளே வந்து துப்பாக்கி சுடும் இடத்தில் ஒரு காலை நேரம் நின்று பார்க்க வேண்டும். .22 ரைபிள். பிள்ளை குப்புறப் படுத்திருக்கிறான். முழங்கைக்கு அடியில் மண் குத்துகிறது, உள்ளங்கை வியர்த்துவிட்டது. முதல் தோட்டா எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் ஹவில்தார் தானும் மண்ணில் படுக்கிறார். கத்தவில்லை. அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறார்: "தம்பி, அவசரமே இல்ல. மூச்சை இழு. பாதி விடு. அப்படியே நிறுத்து. இப்ப விரலை மட்டும் மெதுவா." அடுத்த நான்கு தோட்டாவும் ஒரு கைப்பிடி அகலத்துக்குள் விழுகின்றன. பிறகு இருவரும் அட்டையின் முன் குனிந்து, துளைகளுக்கு நடுவே அளவுகோலை வைத்து அளக்கிறார்கள். தன் நடுக்கத்தைத் தானே அடக்க முடியும் என்று அந்தப் பையனுக்கு அன்றைக்குத் தெரிகிறது. இதைத்தான் நான் ஒழுக்கம் என்பேன். இது ஒரு பயிற்றுநருக்கு ஒரு பிள்ளை என்ற நெருக்கத்தில், கற்க வேண்டும் என்று வந்தவனுக்கும் கற்பிக்கத் தெரிந்தவருக்கும் நடுவே மட்டும் நடக்கும். வரிசையில் ஆயிரம் பேரைப் படுக்கவைத்து நடத்த முடியாது.

"பயந்தால்தான் பிள்ளை அடங்கும்" என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. கட்டாயக் கோரிக்கையின் அடியில் கிடப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். நாம் வளர்க்கத் தவறியதை ராணுவம் அடித்து வளர்க்கட்டும் என்ற எண்ணம். 2023இல் மகாராஷ்டிரத்தின் தாணேயில், என்.சி.சி. பயிற்சியின்போது மூத்த மாணவர் ஒருவர் இளையவர்களைச் சேற்றில் குப்புற நிறுத்தித் தடியால் அடித்த காணொளி வெளியானபோது நாடே கொந்தளித்தது. மாணவர் படையின் அதிகாரிகளும் அதைக் கண்டித்தார்கள். பெரியவர்களின் கண்பார்வை ஒரு நாள் விலகினாலே இந்த நிலை என்றால், பொறுப்பாளர்களே போதாத இருபது மடங்குப் படையில் மூத்தவன் கையில் உள்ள தடியை யார் பிடுங்குவது?

இதைவிடக் கொடியது நம் மாநிலத்திலேயே நடந்தது. 2024 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி ஒரு முகாம் நடந்தது. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. முகாமை நடத்தியவர்களுக்கும் படைக்கும் தொடர்பே கிடையாது. அங்கே தங்கவைக்கப்பட்ட சிறுமிகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை வெளியே வந்தது, பள்ளியைச் சேர்ந்தவர்கள் உட்படப் பலர் கைதானார்கள், சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எதை நம்பி அனுப்பினார்கள்? அந்த மூன்று எழுத்தின் நல்ல பெயரை நம்பி. எங்களுக்கும் என்.சி.சி. வேண்டும் என்ற ஆசை இருக்கும் இடத்தில் உண்மையான படைப் பிரிவு போய்ச் சேரவில்லை. அந்த வெற்றிடத்தில் போலிகள் நுழைந்தார்கள். இப்போது நினைத்துப் பாருங்கள். எல்லாப் பள்ளிக்கும் கட்டாயம், இந்த ஆண்டுக்குள் காட்டியாக வேண்டும் என்று ஓர் உத்தரவு பறந்தால், பயிற்றுநர் கிடைக்காத நூற்றுக்கணக்கான நிர்வாகங்கள் யாரைக் கூட்டிவந்து காக்கிச் சட்டை மாட்டி நிறுத்தும்? கட்டாயம் கேட்பவர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போகக் கூடாது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றை எப்போதும் எடுத்துப் போடுவார்கள்: சிங்கப்பூர். அங்கே 1967 முதல் ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு, உண்மை. அது பள்ளி முடித்த இளைஞர்களுக்கு. பள்ளியில் உள்ள அவர்களுடைய மாணவர் படை, பாடத்துக்கு வெளியே பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் பல செயல்பாடுகளில் ஒன்று. சாரணர் உண்டு, இசைக்குழு உண்டு, விளையாட்டு உண்டு. கட்டாய ராணுவம் உள்ள நாடே மாணவர் படையைத் தேர்வுக்கு விட்டிருக்கிறது. அமெரிக்காவில் சில நகரப் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்காமலே ராணுவ மாணவர் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடுவதை 2022 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. தங்கள் பிள்ளை ஏன் சேர்க்கப்பட்டாள், ஏன் விலக முடியவில்லை என்று பெற்றோர் கேட்டார்கள். இலங்கையில், போர் முடிந்து இரண்டே ஆண்டில், 2011இல், பல்கலைக்கழகத்துக்குத் தேர்வான மாணவர்களைத் தலைமைத்துவப் பயிற்சி என்று ராணுவ முகாம்களுக்கு அனுப்பினார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அந்த ராணுவத்தின் நிழலில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அதே ஆணை. எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை மனுக்கள் போயின. அந்தப் பயிற்சியால் அந்த நாட்டின் இளைஞர்கள் ஒருவரையொருவர் நெருங்கினார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா?

நம் ராணுவத்தின் பெருமையே வேறு. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பில் அது திரட்டப்படவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு எத்தனை போர் வந்தபோதும் சிப்பாய்களைக் கட்டாயமாகச் சேர்க்கும் சட்டம் இந்த நாட்டில் வந்ததில்லை. சிப்பாயைக்கூடக் கட்டாயப்படுத்தாத நாட்டில், சிப்பாயாகப் போக வேண்டிய கடப்பாடே இல்லாத பிளஸ் டூ பையனைக் கட்டாயப்படுத்த என்ன நியாயம் இருக்கிறது? ராணுவத்துக்கும் இதில் லாபம் இல்லை. 1965, 1971 போர்களில் மாணவர் படையை இரண்டாம் வரிசைப் பாதுகாப்பு என்று அழைத்தார்கள். பிறகு பாடத்திட்டத்தையே மாற்றி, தலைமைப் பண்பை வளர்ப்பதற்கு முதலிடம் கொடுத்தார்கள். அந்தத் திசை சரியானது. சி சர்டிபிகேட் வாங்கியவருக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. நேர்காணல் வழியாகச் சென்னைப் பரங்கிமலையிலுள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போகும் வாய்ப்பு இருக்கிறதே, அது எப்படி வந்தது? மூன்று ஆண்டு தானே விரும்பி வந்து உழைத்தவன் என்பதற்கு அந்தச் சான்றிதழ் அத்தாட்சி. எல்லார் கையிலும் இருந்தால் தேர்வாளர் அதில் எதைப் பார்ப்பார்?

தன்னார்வம் என்பது தளர்வு என்று நினைப்பவர்கள் 2020ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஊரே கதவடைத்துக் கிடந்த ஏப்ரலில் 'என்.சி.சி. யோக்தான்' என்ற பெயரில் மாணவர் படை களத்துக்கு வந்தது. விதிகளைக் கவனியுங்கள்: 18 வயது நிறைந்த சீனியர் பிரிவினர் மட்டும், அதிலும் தாமாக முன்வந்தவர்கள் மட்டும். எட்டு முதல் இருபது பேர் கொண்ட சிறு குழுக்கள், கூடவே ஒரு பயிற்றுநரோ பொறுப்பாசிரியரோ. சட்டம் ஒழுங்குப் பணிக்கோ தொற்று மிகுந்த பகுதிக்கோ அனுப்பக் கூடாது. வீட்டில் இருக்க எல்லா உரிமையும் இருந்த பிள்ளைகள், வரிசைகளை ஒழுங்குபடுத்தவும் நிவாரணப் பொருள் கொடுக்கவும் வெளியே வந்தார்கள். எந்தக் கட்டாயம் அவர்களைக் கொண்டுவந்தது?

ஒரு வாதத்தை மட்டும் நான் மரியாதையோடு எதிர்கொள்கிறேன். சாதி. நாங்குநேரியில் 2023இல் ஒரு பள்ளி மாணவன் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு, கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டித் திரியும் பிள்ளைகளை ஒரே சீருடையில், ஒரே பந்தியில் உட்கார வைக்க வேறென்ன வழி என்று உண்மையான வேதனையோடு கேட்கிறார்கள். கேம்ப் அதைச் செய்கிறது, நான் பார்த்திருக்கிறேன். யார் எந்தத் தெரு என்று தெரியாமல் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒருவன் தட்டில் இன்னொருவன் கை வைக்கும் நாட்கள் அவை. ஆனால் அங்கே வந்தவர்கள் அந்தச் சட்டையை முதலில் விரும்பியவர்கள். விரும்பாதவர்களை ஊர் ஊராகத் திரட்டிக் கொண்டுபோய் இறக்கினால் தெருவும் கூடவே இறங்கும், ஆளுக்கொரு கூடாரமாகப் பிரியும். சாதியை வகுப்பறையில், விடுதியில், வருகைப்பதிவேட்டில், ஆசிரியர் அறையில் எதிர்கொள்ள வேண்டிய கல்வித் துறை, அந்த வேலையை ஹவில்தார் தலையில் கட்டித் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

சனிக்கிழமை என்பது எல்லாருக்கும் விடுமுறை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜவுளிக்கடையில் நின்று வாரக்கடைசிச் சம்பளத்தில் செமஸ்டர் கட்டணம் கட்டும் பிள்ளை என் வகுப்பில் இருந்தான். அவனைக் கட்டாயப் பரேடுக்கு இழுத்தால் அவன் ஒழுக்கம் கற்க மாட்டான், படிப்பை விடுவான்.

செய்ய வேண்டியது வேறு. ஜூலை மாதம் சேர்க்கை நடக்கும் காலையில் மைதானத்துக்குப் போய் நில்லுங்கள். இடத்தைவிடப் பல மடங்கு பிள்ளைகள் வந்திருப்பார்கள். உயரம் அளப்பார்கள், ஓடவிடுவார்கள், பெயர் வாசிப்பார்கள். பெயர் வராதவர்கள் உடனே போய்விட மாட்டார்கள். கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றுவிட்டு, ஒருவன் வந்து கேட்பான்: "சார், அடுத்த வருஷம் வரலாமா?" கை உயர்த்திய இந்தப் பிள்ளைக்கே இடம் கொடுக்க முடியாத நாடு, கை உயர்த்தாதவனை ஏன் பிடித்து இழுக்க வேண்டும்?

கூடுதலாகக் கிடைத்துள்ள மூன்று லட்சம் இடங்கள் முதலில் இவர்களுக்குப் போகட்டும். பிரிவே இல்லாத அரசுப் பள்ளிக்கும் அரசுக் கல்லூரிக்கும் முதலில் போகட்டும். பணம் கட்டி நடத்தும் சுயநிதித் திட்டத்தில் வசதியுள்ள தனியார் நிறுவனங்கள் இடம் பிடித்துவிட, கிராமத்துப் பெண்கள் பள்ளி காத்துக் கிடப்பது மாற வேண்டும். முன்னாள் ராணுவத்தினரைப் பயிற்றுநர்களாக அமர்த்தும் முடிவை ஒப்பந்தக் கூலியாக இல்லாமல் மரியாதையான வேலையாக நடைமுறைப்படுத்த வேண்டும். பொறுப்பாசிரியரின் மதிப்பூதியத்தை உயர்த்தி, கேம்ப் நாட்களைப் பணி நாட்களாகக் கணக்கிட வேண்டும். 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு என்.சி.சி.யை விருப்பப் பாடமாக மதிப்பெண்ணோடு எடுக்க வழி திறந்துவிட்டது. எத்தனை கல்லூரிகள் அந்த வழியைத் திறந்திருக்கின்றன என்று உயர்கல்வித் துறை கேட்கட்டும். அங்கீகரிக்கப்பட்ட பிரிவுகளின் பட்டியல் மாவட்டவாரியாகத் தமிழில், ஒவ்வொரு முதன்மைக் கல்வி அலுவலகத்தின் வாசலிலும் ஒட்டப்பட வேண்டும். பிள்ளையை முகாமுக்கு அனுப்பும் தாய், இது உண்மையான என்.சி.சி.தானா என்று அதில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.